‘ரெட் ரெட் ஒயின்’ இரண்டு முறை ஏறிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ரெகே (ஜமைக்காவில் பிறந்த இசை வகை) குழுவான யூபி 40 பாடிய ‘ரெட் ரெட் ஒயின்’, 1983 செப்டம்பரில் பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் அதே பாட்டு 1984 மார்ச்சில் 34-ஆம் இடம் வரை போய் இறங்கிவிட்டது. பிறகு 1988 அக்டோபர் 15 தேதியிட்ட பில்போர்டு ஹாட் 100 என்ற அமெரிக்க வாராந்திரப் பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. இடையில் நாலரை ஆண்டு. அந்த நாலரை ஆண்டில் குழு ஸ்டூடியோவுக்குள் போய்ப் பாட்டைத் திரும்பப் பதிவு செய்யவில்லை. பிறகு எது மாறியது? எங்களுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கின்றன.

இது பாப் மார்லி பாட்டுதானே?

இல்லை. ஜமைக்க ரெகே பாடகர் பாப் மார்லி இதை எழுதவில்லை, பாடி வெளியிட்டதும் இல்லை. எம்பி3 கோப்புகள் கைமாறிய காலத்தில் ரெகே என்றால் எல்லாவற்றுக்கும் மார்லி பெயரைப் போட்டுவிடும் பழக்கம் இருந்தது. அந்தப் பிழை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்டிருக்கும் குரல் யூபி 40 குழுவின் அலி கேம்பலுடையது. நடுவில் பேச்சுபோல ஓடும் பகுதி ஆஸ்ட்ரோவுடையது. அவரது இயற்பெயர் டெரன்ஸ் வில்சன்.

அப்படியானால் எழுதியது யார்?

அமெரிக்கப் பாடகர் நீல் டயமண்ட். சொல்லும் மெட்டும் அவருடையவை. 1967-இல் பேங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘ஜஸ்ட் ஃபார் யூ’ ஆல்பத்தில் அவரே பாடியிருக்கிறார். பிரிந்து போனவளை மறக்க முடியாத ஒருவன் சிவப்பு ஒயினிடம் முறையிடுகிற பாட்டு இது. டயமண்ட் அதைச் சோகம் குறையாமல், மெதுவாகப் பாடுகிறார். யூபி 40 பதிவை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் முறை கேட்கும்போது வேறு பாட்டோ என்றுகூடத் தோன்றும். ஆடத் தூண்டும் தாளத்துக்கு அடியில் இவ்வளவு துக்கம் இருந்ததா என்று தெரிய, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டாலே போதும்.

டயமண்டின் சொந்தப் பதிவு ஏன் எடுபடவில்லை?

1968-இல் அது சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வந்தபோது அவர் பேங் கம்பெனியை விட்டுப் போயிருந்தார். கம்பெனி விடவில்லை. கையில் இருந்த ஆல்பப் பாட்டுகளை எடுத்து, மேலே புதிதாக வாத்தியமும் குரலும் சேர்த்து, ஒவ்வொன்றாக சிங்கிள் போட்டது. இந்தப் பாட்டுக்கும் அவரைக் கேட்காமலேயே ஒரு கோரஸைச் சேர்த்து வெளியிட்டார்கள். ஹாட் 100-இல் 62-ஆம் இடம் வரைதான் போனது. பாடியவரே பின்னால் நின்று தூக்கிப் பிடிக்காத சிங்கிள் இந்த அளவு போனதே பெரிது என்றுதான் சொல்லவேண்டும்.

அமெரிக்கச் சோகப் பாட்டு ரெகே ஆனது எங்கே?

பிரிட்டனில், 1969-இல், டோனி ட்ரைப் என்ற ஜமைக்கப் பாடகரின் கையில். அதற்கு முந்தைய ஆண்டு ஜிம்மி ஜேம்ஸும் வேகபாண்ட்ஸ் குழுவும் சோல் (அமெரிக்கக் கறுப்பின இசை வகை) பாணியில் பாடி, பிரிட்டனில் 36-ஆம் இடம் பிடித்திருந்தார்கள். டோனி ட்ரைப் அதை ரெகேயாக மாற்றினார். வேகம் கூடியது, தாளம் துள்ளியது. அவருக்குக் கிடைத்தது 46-ஆம் இடம். அன்றைய பிரிட்டன் பட்டியலில் மொத்தமே 50 இடங்கள்தான். ஆகவே வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது போலத்தான்.

ஆனால் இந்த வரலாற்றில் மிக முக்கியமான தட்டு அதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. பட்டியலில் 46 என்று பதிவான அந்தத் தட்டு, பர்மிங்காமில் கரீபியக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகள்தான் பிறகு யூபி 40 ஆனார்கள். அவர்கள் அறிந்திருந்தது டோனி ட்ரைப்பின் பாட்டை மட்டுமே. டயமண்டின் பதிவை அல்ல.

‘நீகஸ் டயமண்ட்’ என்று ஒருவரைச் சொல்கிறார்களே, அவர் யார்?

அப்படி ஒருவர் கிடையாது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளில் எழுதியவர் பெயர் ‘என். டயமண்ட்’ என்று மட்டும் இருந்தது. ஜமைக்காவைச் சேர்ந்த நீகஸ் டயமண்ட் என்று யாரோ இருப்பார் போலும் என்று தாங்கள் நினைத்துக்கொண்டதாக ஆஸ்ட்ரோ பின்னாளில் சொன்னார். எழுதியவர் நீல் டயமண்ட் என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

குழுவின் பெயருக்கு என்ன பொருள்?

பிரிட்டனில் வேலை இல்லாதவர்கள் உதவித்தொகைக்காக வைத்திருந்த அரசுப் படிவத்தின் எண் அது: அன்எம்ப்ளாய்மெண்ட் பெனிஃபிட், படிவம் 40. குழு 1978-இல் தொடங்கியது. 1980-இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையே அந்தப் படிவத்தின் நகல்தான். அலி கேம்பல், அவர் அண்ணன் ராபின் கேம்பல், ஆஸ்ட்ரோ, ட்ரம்ஸ் ஜிம் பிரவுன், பேஸ் எர்ல் ஃபால்கனர், நார்மன் ஹசன், சாக்ஸபோன் பிரையன் டிராவர்ஸ், கீபோர்டு மிக்கி வர்ச்சூ என எட்டுப் பேர். ஆஸ்ட்ரோவும் டிராவர்ஸும் 2021-இல் காலமானார்கள்.

சொந்தப் பாட்டுகள் இருக்கும்போது ஏன் பிறர் பாட்டைப் பாடினார்கள்?

அவர்களுடைய தொடக்ககாலப் பாட்டுகள் அரசியல் பாட்டுகள்: பசி, வேலையின்மை, இனவெறி. அவற்றாலேயே பட்டியலில் ஏறியவர்கள் அவர்கள். ‘கிங்’, ‘ஃபுட் ஃபார் தாட்’ இரண்டும் சேர்ந்த முதல் சிங்கிள் 1980-இல், சின்னக் கம்பெனி ஒன்றின் மூலம் வந்து, நான்காம் இடம் பிடித்தது. ‘ஒன் இன் டென்’ 1981-இல் ஏழாம் இடம்.

1983-இல் வந்த ‘லேபர் ஆஃப் லவ்’ ஆல்பத்தின் நோக்கம் வேறு. சிறு வயதில் கேட்டு வளர்ந்த ரெகே பாட்டுகள் பத்தை எடுத்து, அன்றைய ஒலிநுட்பத்தோடு திரும்பப் பாடினார்கள். ஜிம்மி கிளிஃப், எரிக் டொனால்ட்சன், மெலோடியன்ஸ் போன்றவர்களின் பாட்டுகள் அவை. ஆல்பமும் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்து பிறகு வந்த சிங்கிள்களும் சோடை போகவில்லை: ‘ப்ளீஸ் டோன்ட் மேக் மீ க்ரை’ 10, ‘மெனி ரிவர்ஸ் டு க்ராஸ்’ 16, ‘செர்ரி ஓ பேபி’ 12.

பிரிட்டனில் எத்தனை வாரம் முதலிடம்?

மூன்று வாரம். 1983 செப்டம்பர் 3, 10, 17 தேதியிட்ட பட்டியல்கள். அதற்கு முன் முதலிடத்தில் இருந்தது கேசி அண்ட் தி சன்ஷைன் பேண்டின் ‘கிவ் இட் அப்’. இதை இறக்கியது கல்ச்சர் கிளப்பின் ‘கர்மா கமீலியன்’, ஆறு வாரம் நின்ற பாட்டு. அந்த ஆண்டு முழுவதற்குமான விற்பனைக் கணக்கில் ‘கர்மா கமீலியன்’, ‘அப்டவுன் கேர்ள்’ இரண்டுக்கும் அடுத்தபடியாக மூன்றாம் இடம் ‘ரெட் ரெட் ஒயினு’க்கு.

அப்போது பிரிட்டன் பட்டியலை எப்படிக் கணக்கிட்டார்கள்?

பிரிட்டன் பட்டியல் முழுக்க விற்பனைக் கணக்கு. ரேடியோவில் எத்தனை முறை போட்டார்கள் என்பது அதில் சேராது. திங்கள் முதல் சனி வரை தேர்ந்தெடுத்த கடைகளில் விற்ற சிங்கிள்களை எண்ணுவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் பிபிசி ரேடியோ 1-இல் அறிவிப்பார்கள். வியாழக்கிழமை இரவு பிபிசி தொலைக்காட்சியில் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ வரும். அதில் பாட்டு வந்தால் வெள்ளியும் சனியும் கடையில் கூட்டம். அந்த விற்பனை அடுத்த செவ்வாய் அறிவிப்பில் தெரியும். ஏறும் பாட்டு மேலும் ஏறுவது இந்தச் சுழற்சியால்தான்.

1982 முடியும் வரை கடைக்காரர்கள் விற்ற தட்டுகளை ஒரு டைரியில் கையால் குறித்து அனுப்பினார்கள். எந்தெந்தக் கடை கணக்குக் கொடுக்கிறது என்று கம்பெனி ஆட்கள் மோப்பம் பிடித்துவிட்டால் போதும், அங்கே ஆள் விட்டு வாங்கிக் குவிக்கலாம். டைரியில் இல்லாததை எழுத வைக்கவும் வழி உண்டு. 1983 ஜனவரியில் கேலப் நிறுவனம் பொறுப்பேற்று, கடைகளிலேயே கணினிக் கருவி வைத்து விற்பனையைப் பதிவு செய்யத் தொடங்கியது. ‘ரெட் ரெட் ஒயின்’ முதலிடம் பிடித்தது அந்த முறையின் முதல் ஆண்டிலேயே.

செப்டம்பர் 3 பட்டியல் என்றால் செப்டம்பர் 3-இல் விற்றதா?

இல்லை. அந்தக் காலப் பட்டியலின் தேதி, வாரம் முடியும் சனிக்கிழமையின் தேதி. செப்டம்பர் 3 பட்டியலில் இருப்பது ஆகஸ்ட் 27-இல் முடிந்த வாரத்தின் விற்பனை. பில்போர்டு இதழின் தேதியும் இப்படித்தான், இதழ் கைக்கு வரும் நாளுக்குப் பிந்தைய தேதி. ஒரு கச்சேரி அல்லது டிவி நிகழ்ச்சியால் விற்பனை கூடியதா என்று பார்க்கும்போது இந்த இடைவெளியை மறந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். நிகழ்ச்சிக்கு முன்பே பாட்டு ஏறிவிட்டதாகக்கூடத் தோன்றும்.

அமெரிக்காவில் 1984-இல் ஏன் 34-ஓடு நின்றது? ரெகே அங்கே புரியவில்லையா?

இந்தப் பதில் பல இடங்களில் கிடைக்கும். நாங்கள் ஏற்கவில்லை. அதற்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளைப் பாருங்கள். 1981-இல் பிளாண்டி குழுவின் ‘த டைட் இஸ் ஹை’ ஹாட் 100-இல் முதலிடம். அது பாரகான்ஸ் என்ற ஜமைக்கக் குழு 1967-இல் பாடிய பாட்டு. 1983-இல் கல்ச்சர் கிளப்பின் ரெகே சாயல் கொண்ட ‘டூ யூ ரியலி வான்ட் டு ஹர்ட் மீ’ இரண்டாம் இடம். அதே ஆண்டு எடி கிராண்டின் ‘எலக்ட்ரிக் அவென்யூ’வும் இரண்டாம் இடம். பர்மிங்காமின் பள்ளிப் பிள்ளைகள் குழுவான மியூசிக்கல் யூத்தின் ‘பாஸ் த டச்சி’ பத்தாம் இடம். கேட்கிற காது அங்கே இருந்தது.

இல்லாதது வழி. அன்றைய அமெரிக்க ரேடியோ நிலையங்கள் பிரிவு பிரிவாக இயங்கின: டாப் 40 (அன்றைய ஹிட் பாட்டுகள்), ராக், கறுப்பின இசை, பெரியவர்களுக்கான மெல்லிசை. ஒவ்வொரு நிலையத்திலும் வாரத்துக்குச் சில புதுப் பாட்டுகளுக்கே இடம். யூபி 40-க்கு அங்கே முன்பெயர் இல்லை. எந்தப் பிரிவும் ‘இது நம் பாட்டு’ என்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நிலையில் ஒரு சிங்கிள் நாடு முழுக்க ஒரே சமயத்தில் சூடு பிடிப்பதில்லை. ஓர் ஊரில் ஏறும்போது இன்னோர் ஊரில் இறங்கிக்கொண்டிருக்கும். பட்டியல் வாரக் கணக்கு. பத்து ஊர்களில் பத்து வெவ்வேறு வாரங்களில் ஹிட் ஆன பாட்டு, தேசியப் பட்டியலில் நடுவாந்திரமாகத்தான் தெரியும். 34 என்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட எண்.

1988-இல் என்ன நடந்தது?

1988 ஜூன் 11-ஆம் தேதி, லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாள் கச்சேரி நடந்தது. மண்டேலா அப்போது சிறையில் இருந்தார். பல நாடுகளின் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்த மேடையில் யூபி 40 இந்தப் பாட்டைப் பாடியது.

சிறிது நாளில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் இருந்த கேஇசட்இசட்பி என்ற டாப் 40 ரேடியோவின் நிகழ்ச்சி இயக்குநர் கை ஜாபோலியன், ஐந்து ஆண்டுப் பழைய இந்தப் பாட்டைத் தன் நிலையத்தின் பட்டியலில் சேர்த்தார். பழைய பாட்டாக அல்ல, புதுப் பாட்டைப் போடுவது போல. அங்கே எடுபட்டது. மற்ற நிலையங்களும் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் யூபி 40 தட்டுகளை வெளியிட்டுவந்த ஏ அண்ட் எம் கம்பெனி விழித்துக்கொண்டு சிங்கிளைத் திரும்ப முன்னால் தள்ளியது. அக்டோபர் 15 பட்டியலில் முதலிடம். ஒரே ஒரு வாரம். முந்தைய வாரம் அந்த இடத்தில் இருந்தது டெஃப் லெப்பர்டின் ‘லவ் பைட்ஸ்’, அடுத்த வாரம் வந்தது ஃபில் காலின்ஸின் ‘க்ரூவி கைண்ட் ஆஃப் லவ்’.

ஒரே ஒரு ரேடியோ நிலையத்தால் ஒரு பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோக முடியுமா?

நேரடியாக முடியாது, தொடங்கி வைக்க முடியும். அன்றைய நடைமுறை இது:

முதலில் நிகழ்ச்சி இயக்குநர் பாட்டை ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட முறை ஒலிக்கும்படி சுற்றில் விடுவார். இரண்டாவது வாரத்தில் தொலைபேசியில் ‘அந்தப் பாட்டைப் போடுங்கள்’ என்று வரும் அழைப்புகளை எண்ணுவார்கள். நிலையத்திலிருந்தே நேயர்களை அழைத்து, பாட்டின் பல்லவியிலிருந்து சில விநாடி போட்டுக்காட்டிப் பிடிக்கிறதா என்று கேட்பதும் உண்டு. எண்ணிக்கை நன்றாக இருந்தால் சுற்று கூடும். நிலையத்தின் வாரப் பட்டியல் தொழில் இதழ்களுக்குப் போகும். மற்ற ஊர் இயக்குநர்கள் அதைப் படித்துவிட்டு, ‘ஃபீனிக்ஸில் ஓடுகிறதே’ என்று தங்கள் ஊரில் போட்டுப் பார்ப்பார்கள். ஐந்தாறு ஊர்களில் ஒரே மாதிரி விளைவு வந்தால் கம்பெனி பணம் இறக்கும்.

எல்லாம் கூடிவந்தாலும் காரியம் கெடும் இடம் ஒன்று உண்டு: கடை. ரேடியோவில் கேட்டவர் கடைக்குப் போய், ‘ஸ்டாக் இல்லை’ என்ற பதிலோடு திரும்பினால் அந்த விற்பனை போனது போனதுதான். பழைய பாட்டுகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம், கிடங்கில் பிரதி இருக்காது. தட்டும் கேசட்டும் அச்சாகி லாரியில் ஏறிக் கடைக்கு வருவதற்குள் ரேடியோ அடுத்த பாட்டுக்குப் போய்விடும். 1988-இல் ரேடியோவும் கடையும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. 1984-க்கும் 1988-க்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

ஹாட் 100-உம் பிரிட்டன் பட்டியல்போல் வெறும் விற்பனைதானா?

இல்லை. விற்பனையும் ரேடியோவும் கலந்த புள்ளி அது. 1988-இல் இரண்டுமே வாய்வழி அறிக்கைதான் என்பதைக் கவனிக்கவேண்டும். ‘இந்த வாரம் எது நன்றாக விற்றது’ என்று கடைகள் வரிசைப்படுத்திச் சொல்லும். ‘எது எங்கள் பட்டியலில் எந்த இடம்’ என்று ரேடியோ நிலையங்கள் சொல்லும். பார்கோடு மூலம் விற்ற பிரதியையும், கருவி மூலம் ஒலித்த முறையையும் நேரடியாக எண்ணும் முறை ஹாட் 100-க்கு வந்தது 1991 நவம்பர் கடைசியில்தான்.

ஆகவே நிலையங்கள் உற்சாகமாக இருந்தால் பாட்டு வேகமாக ஏறும், அவர்கள் கைவிட்டால் வேகமாக விழும். பழைய பாட்டு திரும்ப நுழைவதற்கும் அன்று கதவு திறந்தே இருந்தது. கனடாவின் ஷெரிஃப் குழுவின் ‘வென் ஐ’ம் வித் யூ’ இதே வழியில் போனது: 1983-இல் 61-ஆம் இடம், 1989 பிப்ரவரியில் முதலிடம். அப்போது அந்தக் குழுவே கலைந்து போயிருந்தது.

1984-இலும் 1988-இலும் ஒலித்தது அட்சரம் பிசகாமல் ஒன்றுதானா?

பதிவு ஒன்று, வெட்டு வேறு. ஆல்பத்தில் பாட்டு ஐந்து நிமிடத்தைத் தாண்டும். 7 அங்குல சிங்கிளுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். அந்த வெட்டில் ஆஸ்ட்ரோவின் பகுதி போய்விட்டது. 1988-இல் அமெரிக்க ரேடியோவில் பரவியது ஆஸ்ட்ரோவோடு சேர்ந்த முழு வடிவம்.

அந்தப் பகுதிக்குப் பெயர் டோஸ்ட்டிங். ஜமைக்காவில் தெருவோர சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஒலிபெருக்கிகளோடு தட்டுப் போடும் நிகழ்ச்சி) நடத்தியவர்கள், தட்டு ஓடும்போது மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு பேசிப் பாடிய வழக்கத்திலிருந்து வந்தது. டயமண்ட் எழுதாத சொற்கள் அவை. ஒயினைக் குற்றம் சொல்லி அழும் பாட்டில், அதே ஒயினைக் கொஞ்சிக் கொண்டாடுகிறது அந்தக் குரல். 1988 வாக்கில் ராப் இசை அமெரிக்க டாப் 40-க்குள் நுழைந்திருந்தது, பாட்டின் நடுவே பேச்சு வந்தால் நேயர் திடுக்கிடமாட்டார். ஐந்து ஆண்டுப் பழைய பதிவு புதுப் பாட்டுபோல் ஒலித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. இன்றைக்கும் கூட்டத்தில் பாடச் சொன்னால் பலர் முதலில் தொடங்குவது ஆஸ்ட்ரோவின் வரியைத்தான்.

ரெகே தாளத்தை எப்படி அடையாளம் காண்பது? எங்களால் வாசிக்க முடியுமா?

முடியும். கொஞ்சம் விறுவிறுப்பாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே காலால் ஒவ்வோர் எண்ணுக்கும் தட்டுங்கள். கையை இரண்டிலும் நான்கிலும் மட்டும் தட்டுங்கள். ஒன்றில் கை சும்மா இருக்கவேண்டும், அதுதான் கடினம். கையின் இடம்தான் ரெகேயில் கிட்டாரின் இடம்.

கிட்டாரில் இந்தப் பாட்டுக்கு மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும். சி என்று தொடங்கினால் சி, எஃப், ஜி. இரண்டிலும் நான்கிலும் கீழ்நோக்கிச் சின்னதாக ஒரு வெட்டு, உடனே இடது கை விரலை லேசாகத் தூக்கி ஒலியை நிறுத்திவிடவேண்டும். ‘சக்’ என்று ஒலித்து அறுந்துவிட வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, கார்டை ரீங்கரிக்க விடுவது. ரீங்காரம் மிஞ்சினால் பேஸ் கிட்டாருக்கு இடம் இருக்காது. ரெகேயில் மெட்டை இழுத்துக்கொண்டு போவது பேஸ். மெல்லிய இரண்டு மூன்று தந்திகளை மட்டும் வாசித்தால் வெட்டு தெளிவாக விழும். இன்னொரு தவறு, உற்சாகத்தில் வேகம் கூட்டுவது. இந்தப் பாட்டு சாய்ந்து உட்கார்ந்த நடையில் போகவேண்டும். மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்துப் பத்து நிமிடம் பழகிவிட்டுப் பாடத் தொடங்குங்கள்.

இவ்வளவு விற்றதில் நீல் டயமண்டுக்கு என்ன கிடைத்தது?

நிறைய. இங்கே இரண்டு வகை உரிமைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும்: பாட்டை எழுதியவரின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை.

தட்டு விற்கும்போது எழுதியவர் பக்கம் ஒரு தொகை போகவேண்டும். பிரிட்டனில் அன்றைய சட்டப்படி சில்லறை விலையில் 6.25 சதவீதம். அமெரிக்காவில் 1988-இல் சட்டம் வைத்த விகிதம், ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாட்டுக்குப் பிரதிக்கு 5.25 சென்ட். பத்து லட்சம் பிரதி விற்றால் 52,500 டாலர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைப் பாட்டின் பதிப்பாளரும் எழுதியவரும் பகிர்ந்துகொள்வார்கள்.

ரேடியோ விஷயம் இன்னும் வியப்பானது. பிரிட்டனில் ரேடியோவில் ஒலித்தால் எழுதியவருக்கும் பணம், பதிவு செய்தவர்களுக்கும் பணம். அமெரிக்காவில் சாதாரண ரேடியோ எழுதியவர் பக்கத்துக்கு மட்டுமே கொடுக்கும். பாடியவருக்கோ தட்டுக் கம்பெனிக்கோ சட்டப்படி ஒன்றும் கிடையாது. 1988-இல் அந்தப் பாட்டு அமெரிக்க ரேடியோவில் ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் உரிமைத்தொகை சேர்ந்தது டயமண்ட் பக்கம். யூபி 40-க்கு அந்த ஒலிபரப்பால் கிடைத்தது கடை விற்பனையும் கச்சேரிக் கூட்டமும்தான்.

டயமண்ட் இந்தப் பதிவை எப்படி எடுத்துக்கொண்டார்?

மேடையில் அவரே இதை யூபி 40 பாணியில், ரெகே தாளத்தில் பாடியிருக்கிறார். இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா?

அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் ரெகே பாட்டு இதுதானா?

இல்லை. ஜானி நாஷின் ‘ஐ கேன் சீ க்ளியர்லி நவ்’ 1972-இல் நான்கு வாரம் முதலிடம். 1974-இல் எரிக் கிளாப்டன், பாப் மார்லி எழுதிய ‘ஐ ஷாட் த ஷெரிஃப்’ பாடி முதலிடம் பிடித்தார். 1981-இல் பிளாண்டி. மார்லி தன் சொந்தக் குரலில் ஹாட் 100-இல் தொட்ட உயரம் 51 மட்டுமே (‘ரூட்ஸ், ராக், ரெகே’, 1976). அவர் பாட்டுக்கு முதலிடம் கிடைத்தது, அவர் குரலுக்குக் கிடைக்கவில்லை. டோனி ட்ரைப்புக்கு 46, யூபி 40-க்கு 1 என்ற கணக்கைப் பார்க்கும்போதும் இதே வருத்தம் எழுகிறது. பிரிட்டனில் ஜமைக்கர்களே நேரடியாக முதலிடம் பிடித்திருக்கிறார்கள் என்பது ஆறுதல்: 1969-இல் டெஸ்மண்ட் டெக்கர், 1971-இல் டேவ் அண்ட் ஆன்சில் காலின்ஸ், 1974-இல் கென் பூத், 1978-இல் ஆல்தியா அண்ட் டோனா.

யூபி 40-க்கு வேறு முதலிடப் பாட்டுகள் உண்டா?

பிரிட்டனில் மொத்தம் மூன்று. இது ஒன்று. கிரிஸ்ஸி ஹைண்டோடு பாடிய ‘ஐ காட் யூ பேப்’ 1985. ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ 1993. கடைசிப் பாட்டு அமெரிக்காவிலும் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது.

பட்டியல் எண்களைச் சரிபார்க்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

எந்த நாடு, எந்தப் பட்டியல் என்று முதலில் உறுதி செய்யுங்கள். ‘1988-இல் வந்த பாட்டு’ என்று அமெரிக்கப் பக்கங்களில் எழுதியிருப்பார்கள், அது ஏறிய ஆண்டு, வெளிவந்த ஆண்டு அல்ல. பிறகு உச்ச இடத்தையும் அந்த வார இடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் டயமண்டின் 62, ஜிம்மி ஜேம்ஸின் 36, ட்ரைப்பின் 46, யூபி 40-இன் 34 எல்லாம் ஒரே குவியலாக வரும். பாடியவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இணையத்தில் பல ‘யூபி 40’ பதிவுகள் இருக்கின்றன. எது அசல்?

‘லேபர் ஆஃப் லவ்’, 1983 என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 2008-இல் அலி கேம்பல் விலகினார். அதன்பின் யூபி 40 என்ற பெயரோடு இரண்டு அணிகள் இயங்கின, பெயருக்காக வழக்கும் நடந்தது. கேம்பல், ஆஸ்ட்ரோ, வர்ச்சூ மூவரும் 2016-இல் வெளியிட்ட அன்பிளக்டு (மின் வாத்தியங்களைச் சாராத) ஆல்பத்திலும் இந்தப் பாட்டு உண்டு, ஆனால் அது புதுப் பதிவு. நீளத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ மூன்று நிமிடம் என்றால் பழைய சிங்கிள் வெட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் என்றால் ஆல்பத்தின் முழு வடிவம். ஆஸ்ட்ரோ வேண்டுமென்றால் நீளமானதை எடுங்கள். கறுப்பு வெள்ளை வீடியோவைத் தேடுபவர்களுக்கு: அதை இயக்கியவர் பெர்னார்ட் ரோஸ். படமாக்கிய இடம் பர்மிங்காமின் டிக்பெத் பகுதியில் இருந்த ஈகிள் அண்ட் டன் மதுக்கடை. அதிவேக ரயில் பாதைக்காக அந்தக் கட்டடத்தை 2020-இல் இடித்துவிட்டார்கள்.